அம்பாசமுத்திரம் தொகுதியில் யார் இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள்? கணக்கு யாரிடம் இருக்கிறது?

பொதிகைச்சாரல்

அக்கா மகள் பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருஷம். 'உங்கள் சட்டமன்றத் தொகுதியின் மக்கள்தொகை, பொருளாதார நிலை' என்று பத்துப் பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். "மாமா, நீங்கதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்ல இருக்கீங்களே, எடுத்துக் குடுங்க" என்று போனில் கேட்டாள். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தவன், ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தேன்.

அம்பையில் யார் யார் ஜெயித்தார்கள், எத்தனை ஓட்டு வித்தியாசம், டெபாசிட் போனவர் யார், எல்லாம் கிடைக்கிறது. வாக்காளர் இரண்டரை லட்சத்துக்குப் பக்கம் என்பதும் கிடைக்கிறது. ஆனால் அந்த இரண்டரை லட்சம் பேர் என்ன செய்து சாப்பிடுகிறார்கள் என்று தேடினால் ஒன்றுமே இல்லை. எத்தனை பேர் நெல் போடுகிறார்கள், எத்தனை பேர் தறியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் சென்னைக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள்? எங்கே பார்த்தாலும் 'விவசாயம் முக்கியத் தொழில்' என்று ஒரே வரி. நான் வீரவநல்லூர்க்காரன். எங்கள் தெருவில் வயல் வைத்திருப்பவர் என்று எனக்குத் தெரிந்து ரெண்டு பேர்.

யாராவது உருப்படியாகச் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

கணக்கெடுப்பு வாத்தியார்

தம்பி, நீங்கள் தேடிய இடத்தில் கிடைக்காது, ஏனென்றால் அங்கே இல்லை. சென்சஸுக்குத் தெரிந்தது மாநிலம், மாவட்டம், தாலுகா, ஊர், வார்டு. சட்டமன்றத் தொகுதி என்ற கோடு அதற்குத் தெரியாது. இந்தக் கோடு தனியாக, 2008 மறுவரையறை ஆணையில் போட்டது, அதுவும் 2001 சென்சஸை வைத்து.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்த ஆணையை எடுத்தால் அம்பை தொகுதிக்குள் எந்தெந்த ஊர் என்று பெயர் பெயராக இருக்கும். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் இரண்டும் நகராட்சி. அப்புறம் மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம், இவற்றோடு சுற்றுவட்டாரக் கிராமங்கள். 2011 சென்சஸில் ஊர்வாரி அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஊராக எடுத்துக் கூட்ட வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

அம்பை தாலுகா கணக்கை அப்படியே தூக்கி வைத்துவிடாதீர்கள், நிறைய பேர் செய்கிற தப்பு அது. 2011-இல் அம்பை தாலுகா என்றால் கடையம், ஆழ்வார்குறிச்சி எல்லாம் சேர்ந்தது. அவை ஓட்டுப் போடுவது ஆலங்குளத்தில். கடையம் இப்போது மாவட்டமே வேறு, 2019-இல் தென்காசியோடு போய்விட்டது. சேரன்மகாதேவி தனித் தாலுகாவாகப் பிரிந்தது அப்புறம். அதற்கு முன்னால் சேரன்மகாதேவி பெயரிலேயே ஒரு தொகுதி இருந்ததை, பி.எச்.பாண்டியன் நின்று ஜெயித்துச் சபாநாயகர் ஆனதை, என் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-இல் அந்தத் தொகுதியே போய்விட்டது.

சராசரி வேண்டுமானால் மனக்கணக்காகச் சொல்கிறேன். பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 30,77,233. அப்போது பத்துத் தொகுதி. ஆகத் தொகுதிக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். தமிழ்நாடு மொத்தத்தையும் 234-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும்.

கன்னடியன்கால்

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் 'விவசாயம் முக்கியத் தொழில்' என்பதைப் பொதிகை இப்படி நக்கலடிக்க வேண்டாம். காரையாறு அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மூன்றும் இந்தத் தொகுதிக்குள். ஜூன் பிறந்தால் அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவியில் டீக்கடையில் பேசுவது இந்த மூன்று எண்ணைத்தான். கன்னடியன் கால்வாய் மட்டும் 12,500 ஏக்கர். வடக்கு, தெற்கு கோடைமேலழகியான், நதியுண்ணி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். தாமிரபரணி ஆறே 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது, அதில் முதல் தண்ணீர் எங்களுக்கு. கீழே ஸ்ரீவைகுண்டத்துக்காரனைக் கேட்டால் எங்களைத் திட்டுவான், அது வேறு கதை.

கார், பிசானம் என்று நெல் இரண்டு போகமும் விளைகிற பூமி இது. அம்பை 16 என்று இட்லி அரிசிக்கு ஊரெல்லாம் கேட்டு வாங்குகிறார்களே, அந்த அம்பை எங்கள் அம்பைதான், இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது.

தட்டும்கத்தரியும்

அண்ணாச்சி, நெல் விளைவது வேறு, நெல்லால் பிழைப்பது வேறு. உங்கள் 12,500 ஏக்கரில் நடவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அறுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? அறுப்பு மிஷின் வந்த பிறகு அறுப்புக் கூலி என்ற ஒன்றே கிடையாது. மிஷின்காரன் வெளியூரிலிருந்து வருகிறான், மணிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறான். வயல் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, அதில் ஆள் இல்லை.

ஆள் எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். சேரன்மகாதேவி பக்கம் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் மத்தியானம் மூன்று மணிக்கு வாருங்கள். திண்ணையில் சுவரோடு சாய்ந்து கால் நீட்டி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் பீடித் தட்டு. ராத்திரி நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் போட்டு, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்தது. தலை நிமிராது. வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை நிற்காது. என் அம்மா 34 வருஷம் சுற்றினாள். என்னைப் படிக்க வைத்தது அந்தத் தட்டுதான், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வருகிற படிப்புத் தொகையும்தான். 1976 நல நிதிச் சட்டத்தில் வந்தது அது.

அம்மா பெயரில் கம்பெனி பாஸ் புத்தகம் ஒன்பது வருஷம் கிடையாது. வேறொருத்தி பெயரில் இலை வாங்கி, சுற்றி, அவள் பெயரிலேயே கொடுப்பாள். அந்த ஒன்பது வருஷத்துக்குப் பி.எஃப். யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள். கம்பெனி பெயரும் வேண்டாம். இலை எடை குறைத்துக் கொடுப்பார்கள், ஆயிரம் எண்ணிக்கை குறைந்தால் வீட்டுக் காசில் இலை வாங்கி நிரப்ப வேண்டும். 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, கணக்குப்பிள்ளைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், நம்ம ஊர்கள் என்று இந்தப் பட்டை முழுவதும் இதுதான். 'விவசாயம் முக்கியத் தொழில்' என்று எழுதுகிறவன் ஆண்களை மட்டும் எண்ணியவன்.

கணக்கெடுப்பு வாத்தியார்

தாயி, நீ சொன்னதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 2011 பிப்ரவரியில் எனக்குக் கொடுத்தது ஒரு பேரூராட்சியில் ரெண்டு தெரு. ஒரு வீட்டு வாசலில் அந்த அம்மா மடியில் தட்டு, பக்கத்தில் கட்டுக்கட்டாகப் பீடி. படிவத்தைப் பிரித்துவைத்துக் கேட்கிறேன், "போன வருஷம் ஏதாவது வேலை பார்த்தீங்களா?" "இல்ல சார், வீட்லதான் இருக்கேன்." கை சுற்றிக்கொண்டே இருக்கிறது! "அப்ப இது என்னம்மா?" "இது பீடில்லா சார்."

மறுபடியும் மறுபடியும் கேட்டு எழுத வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் கேட்டேன். எல்லாரும் கேட்டிருப்பார்களா என்றால், வெயில் நேரம், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு, அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

சென்சஸில் வேலைக்கு நாலே பெட்டிதான்: சாகுபடி செய்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. பீடி மூன்றாவது பெட்டியில் போகும். பாய் முடைவதும் வீட்டில் தறி போட்டிருப்பதும் அதிலேதான். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தால் முழுநேரம், குறைந்தால் பகுதிநேரம். நம்ம மாவட்டத்தில் அந்த மூன்றாவது பெட்டி பெருத்துக் கிடப்பதற்குக் காரணம் இந்தத் தட்டுதான். பொதிகை, உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள், ஒவ்வொரு ஊருக்கும் 'வீட்டுத் தொழில், பெண்' என்ற பத்தியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். தொகுதியின் ஜாதகம் அங்கே இருக்கிறது.

ராதாபுரத்தான்

உங்களுக்காவது ஆறு இருக்கிறது, அணை இருக்கிறது. எங்களுக்குக் காத்தாடியும் அணு உலையும். கூடங்குளத்தில் ரெண்டு அலகு, தலா 1000 மெகாவாட் ஓடுகிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை. காவல்கிணறு தாண்டினால் கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலை. எங்கள் தொகுதியின் பொருளாதார நிலையை எழுதினால் அமெரிக்கா மாதிரி இருக்கும், குடிதண்ணீருக்குக் குடம் தூக்குவதை எழுதாமல் விட்டால்.

போதாததற்கு, 2016-இல் 49 ஓட்டில் முடிவான தொகுதி எங்களுடையது. ஒரு சின்னத் தெரு வேலைக்கு வெளியூர் போயிருந்தாலே முடிவு மாறியிருக்கும். யார் ஊரில் இருக்கிறான், யார் இல்லை என்பது சும்மா கல்லூரி நோட்டு விஷயம் இல்லை மக்கா.

பொதிகைச்சாரல்

ராதாபுரத்தாரே, கேலியாகச் சொன்னாலும் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். மாவட்ட உற்பத்தி மதிப்பு, அதைத் தலைக்கு வகுத்தால் தனிநபர் வருமானம் என்று ஒரு எண் வரும், மருமகள் அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த எண்ணுக்குள் உங்கள் அணு உலை இருக்கிறது, காற்றாலை இருக்கிறது, கங்கைகொண்டான் சிப்காட் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் சேரன்மகாதேவியில் தட்டு வைத்திருக்கும் அம்மாவின் கணக்கிலும் கூடங்குளத்து மின்சாரத்தில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது. அவள் வீட்டில் கரண்ட் போனால்கூட அந்தப் பங்கு குறையாது!

அதை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

மில்சங்கு

விக்கிரமசிங்கபுரத்தை யாருமே பேசவில்லையே. தொகுதிக்குப் பெயர் அம்பாசமுத்திரம், ஆனால் பெரிய ஊர் நாங்கள்தான். 2011-இல் எங்களுக்கு 47 ஆயிரம் பக்கம், அம்பைக்கு 35 ஆயிரம் பக்கம். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் தண்ணீர் விசையில் பஞ்சாலை ஆரம்பித்ததால் வளர்ந்த ஊர் இது. அப்புறம் மதுரா கோட்ஸ் ஆனது. ஊரில் கடிகாரம் இல்லாத காலத்தில் மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், அடுத்த சங்குக்குச் சோற்றுத் தூக்கு கிளம்பும். என் தாத்தா, அப்பா இரண்டு பேரும் மில். அப்பாவுக்குச் சம்பளத் தேதி என்று ஒன்று இருந்தது, தீபாவளிக்குப் போனஸ் இருந்தது, மளிகைக் கடையில் பற்று இருந்தது. நெல்லுக்கும் பீடிக்கும் நடுவில் மாதச் சம்பளம் என்ற ஒரு பழக்கத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தது மில்தான். அது சுருங்கச் சுருங்க எங்கள் தெருவில் பையன்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன்.

வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்கள், கல்லிடையில் அப்பளம், பத்தமடையில் கோரைப் பாய் என்று ஊருக்கு ஒரு தொழில் இருந்ததையும் எழுதச் சொல்லுங்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முடைபவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பத்தமடையில் யாரையாவது கேட்டு எழுதினால் பத்துப் பக்கம் போதாது.

கன்னடியன்கால்

தட்டும்கத்தரியும் அக்கா சொன்ன பிறகு யோசித்தேன். என் வயல் மூன்று ஏக்கர், அதில் ஒன்றரை குத்தகை. நான் சாகுபடியாளர் பெட்டியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரி பாசஞ்சரில் தினம் நெல்லை போய் ஜவுளிக் கடையில் நிற்கிறாள், அவள் மற்றவை. மகன் பெங்களூரில் இருக்கிறான். போன வருஷம் பிசானத்துக்கு உரம் வாங்கின காசு மகன் அனுப்பியது. நெல் போட்ட பணம் வந்து குத்தகையும் மிஷின் கூலியும் கொடுத்தது போக, வீட்டுக்கு அரிசி மிஞ்சியது. சரி, அப்படியென்றால் என் குடும்பம் விவசாயக் குடும்பமா? நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கணக்குப் பார்த்தால் ஜவுளிக் கடைக் குடும்பம்!

ஆனாலும் தண்ணீர் திறந்த அன்றைக்கு மதகடியில் போய் நிற்காமல் இருக்க முடியாது, அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று வாத்தியார்தான் சொல்ல வேண்டும்.

ஊத்து மேட்டுக்காரன்

நான் மலைக்காரன், தேயிலைத் தோட்டம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. வரைபடத்தில் அம்பை தொகுதியைப் பார்த்தால் மேற்கே பாதி பச்சையாக இருக்கும், அதுதான் எங்கள் பக்கம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் வந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று நெருக்கம் போடும்போது காட்டையும் சேர்த்து வகுத்துவிடாதீர்கள், அம்பைத் தெருவில் ஆளே இல்லாத மாதிரி வந்துவிடும்.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த 8,374 ஏக்கர். 2028-இல் முடிகிறது. எங்கள் குடும்பம் நாலு தலைமுறை அங்கே. 1999 ஜூலை 23 கூலிக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் போனார்கள், அதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2024-இல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்கள், ஜூனோடு வேலை நின்றது, கோர்ட்டுக்குப் போனோம், டிசம்பரில் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

2011 கணக்கில் நாங்கள் மலையில் இருக்கிறோம், எல்லாரும் முழுநேர வேலை. என் அம்மாவுக்குக் கொழுந்து எடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. இப்போது கீழே வாடகை வீட்டில், புழுக்கத்தில் தூக்கம் வராமல், போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவிடம் பீடி சுற்றப் பழகிக்கொண்டிருக்கிறாள். விரல் ஒத்துழைக்கவில்லை, கொழுந்து கிள்ளிய விரல் வேறு மாதிரி மடங்குகிறது.

அடுத்த சென்சஸ் 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து எடுக்கிறார்கள். எங்களை எந்த ஊரில் எழுதுவார்கள்?

தட்டும்கத்தரியும்

ஊத்து அண்ணே, அம்மாவிடம் சொல்லுங்கள், முதல் மூன்று மாதம் எல்லாருக்கும் விரல் வலிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வெந்நீரில் வைக்கச் சொல்லுங்கள். இலை வாங்கும்போதே அவர் பெயரிலேயே பாஸ் புத்தகம் கேட்கச் சொல்லுங்கள், இன்னொருத்தி பெயரில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், பொதிகைக்கு. 2011-இல் நம் மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1023 பெண். தமிழ்நாடு 996. இதைக் காட்டிப் 'பெண்களைப் போற்றும் மாவட்டம்' என்று எழுதி வைத்துவிடப் போகிறாள் மருமகள், கல்லூரியில் அதுதான் பிடிக்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே பெண் குறைவுதான். பெரியவர்களில் மட்டும் பெண் கூடுவது எப்படி? சென்சஸ் எடுக்கிற அன்றைக்கு ஆண்கள் சென்னை மளிகைக் கடையிலும் கேரளாவிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள், அங்கேயே எண்ணப்பட்டார்கள். கிழவிகள் கிழவர்களைவிட நீண்ட நாள் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம், என் தெருவே சாட்சி.

ராதாபுரத்தான்

ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆள் கிடைக்காது, பந்தியில் பரிமாற ஆள் கிடைக்காது, கோயில் கொடைக்கு மட்டும் நாலு பஸ் வரும். கொடை அன்றைக்குச் சென்சஸ் எடுத்தால் எங்கள் தொகுதியில் ஆண் பெண் விகிதம் தலைகீழாகும்.

பொதிகைச்சாரல்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மருமகள் ஞாயிற்றுக்கிழமை வீரவநல்லூருக்குப் போய், வாத்தியார் சொன்ன நாலு பெட்டியை நோட்டில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறியிருக்கிறாள். 27 வீடு. ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி 21 வீட்டில் பதினொரு வீட்டில் பீடி, நாலு வீட்டில் தறி, அதில் ஒன்றில் தறி மேல் துணி காய்கிறதாம். வயலில் இறங்கி வேலை பார்ப்பவர் ஒருவர், அவருக்கு 71 வயது. பதினாலு வீட்டில் யாராவது ஒருத்தர் வெளியூரில் இருந்து பணம் அனுப்புகிறார்கள். இதையெல்லாம் எந்தப் பெட்டியில் எழுதுவது என்று தெரியாமல் ஐந்தாவதாக ஒரு பெட்டி கட்டி 'மணியார்டர்' என்று தலைப்பு போட்டிருக்கிறாள். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அந்த வார்த்தை எங்கே கிடைத்தது என்று கேட்டேன், ஆச்சி சொன்னாளாம்.

ஊர்வாரி அட்டவணையையும் கூட்டி முடித்துவிட்டாள். வாத்தியார் சொன்ன 'வீட்டுத் தொழில், பெண்' பத்தியைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தனிநபர் வருமானம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது, அதுவும் பென்சிலில். ஊர்ப் பட்டியலை மட்டும் கீழே போடுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

விக்கிரமசிங்கபுரம், சிவந்திபுரம், அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம், முக்கூடல், மற்றும் கிராமங்கள்.

கணக்கெடுப்பு வாத்தியார்

முக்கூடலை எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. அது ஆலங்குளம் தொகுதி. அதை எடுத்தால் பீடிக் கணக்கு கொஞ்சம் இறங்கும், மறுபடி கூட்ட வேண்டியிருக்கும்.